சேர். பொன்னம்பலம் அருணாசலம்: ஓய்வுக்குப் பின் தொடங்கிய பெரும் பணி

இலங்கையின் நவீன அரசியல் வரலாற்றை எழுதப் புகும் எவரும் சேர். பொன்னம்பலம் அருணாசலம் அவர்களின் பெயரைத் தவிர்த்துச் செல்ல முடியாது. இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதலாவது தலைவர் என்றும் இலங்கைப் பல்கலைக்கழக இயக்கத்தின் தந்தை என்றும் அவர் போற்றப்படுகின்றார். 1924 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 9 ஆம் திகதி அன்னார் மறைந்து நூறாண்டுகள் கடந்துவிட்டன. கொழும்பு காலிமுகத்தில் பழைய பாராளுமன்றக் கட்டட முன்றலில் 1930 ஆம் ஆண்டு நாட்டப்பட்ட அவரது சிலையை இன்றும் காணலாம். ஆயினும், அச்சிலையைக் கடந்து செல்வோரில் எத்தனை பேர் அவரது பணியின் மறுபக்கத்தை அறிந்திருப்பர் என்பது கேள்விக்குரியதே. சேரிகளில் வாழ்ந்த ஏழைகளுக்காகவும் தேயிலைத் தோட்டங்களில் சட்டத்தின் பெயரால் கட்டுண்டு கிடந்த தொழிலாளருக்காகவும் தமது வாழ்வின் இறுதிப் பத்தாண்டுகளை அவர் அர்ப்பணித்தார் என்பதே அந்த மறுபக்கமாகும்.

குடும்பமும் கல்வியும்

மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட கேற் முதலியார் பொன்னம்பலம் அவர்களின் மூன்றாவது புதல்வராக 1853 ஆம் ஆண்டு செப்டெம்பர் 14 ஆம் திகதி கொழும்பில் அருணாசலம் பிறந்தார். குமாரசுவாமி, இராமநாதன் ஆகிய இருவரும் அவரது மூத்த சகோதரர்கள். தாய் செல்லாச்சி அம்மையாரின் சகோதரரே சேர். முத்துக்குமாரசுவாமி ஆவார். கலையோகி ஆனந்த குமாரசுவாமி இந்த வழியில் அருணாசலத்துக்கு மைத்துனர். கொழும்பு கொச்சிக்கடையில் உள்ள பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை அமைத்தவர் இவர்களது தந்தையாரே. செல்வமும் செல்வாக்கும் சைவப் பற்றும் ஒருங்கே அமைந்த ஒரு குடும்பம் அது.

பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கொழும்பு அக்கடமியில் கல்வி பயின்ற அருணாசலம், அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று கேம்பிரிட்ஜ் சென்று கிறைஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். சட்டக் கல்வியையும் பெற்றுப் பாரிஸ்டரானார். வழக்கறிஞராகத் தொழில் புரியவே அவர் விரும்பினார் எனினும் மாமனார் முத்துக்குமாரசுவாமியின் விருப்பத்துக்கிணங்கி இலங்கைச் சிவில் சேவைப் பரீட்சைக்குத் தோற்றினார். 1875 ஆம் ஆண்டு திறந்த போட்டிப் பரீட்சை மூலம் அச்சேவைக்குத் தெரிவான முதல் இலங்கையர் என்ற பெருமை அவருக்குக் கிட்டியது. வெள்ளையருக்கென்றே ஒதுக்கப்பட்டதாகக் கருதப்பட்ட ஒரு கதவு அன்றுதான் திறமையின் வழியே திறக்கப்பட்டது.

அரச சேவையில் நாற்பதாண்டு

அதன் பின்னர் ஏறத்தாழ நாற்பதாண்டு காலம் அவர் அரச உத்தியோகத்தில் இருந்தார். கச்சேரிகளிலும் நீதிமன்றங்களிலும் நாட்டின் பல பாகங்களிலும் கடமையாற்றினார். தேசாதிபதி சேர். ஆதர் கோர்டன், சேவை மூப்பில் முந்திய பலரைத் தாண்டி அவரைப் பதிவாளர் நாயகமாக நியமித்தார். ஐரோப்பிய உத்தியோகத்தர்கள் மத்தியில் இது பெரும் அதிருப்தியைத் தோற்றுவித்தது. ஆயினும் சீர்குலைந்து கிடந்த காணிப் பதிவு முறையை ஒழுங்குபடுத்தி, அந்நியமனம் தவறானதல்ல என்பதை அவர் தமது செயலாலேயே நிரூபித்தார். குருநாகல் மாவட்ட நீதிபதியாகவும் அவர் கடமையாற்றியுள்ளார்.

1901 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டை நடத்தும் பொறுப்பும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. அப்போது நாட்டின் சனத்தொகை சுமார் 35 இலட்சமாக இருந்தது. தலைகளை எண்ணிக் கணக்குக் காட்டுவதோடு அவர் நின்றுவிடவில்லை. இந்நாட்டில் வாழும் மக்களின் வரலாறு, சமயம், மொழி, வழக்காறுகள் என்பவற்றையெல்லாம் விரிவாக ஆராய்ந்து அவர் எழுதிய அறிக்கை, இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கும் ஆவணமாக விளங்குகின்றது. நாட்டு மக்களின் பிறப்பையும் இறப்பையும் நோயையும் வறுமையையும் ஆண்டுதோறும் கணக்கெடுக்கும் பதவியில் இருந்த ஒருவர், பின்னாளில் அவ்வறுமையை நீக்கும் பணியில் இறங்கியது வியப்புக்குரியதன்று.

கேம்பிரிட்ஜில் அவருக்கு நண்பரானவர்களுள் ஆங்கிலச் சிந்தனையாளரான எட்வேர்ட் கார்ப்பெண்டர் முக்கியமானவர். உழைக்கும் மக்களின் விடிவில் அக்கறை கொண்ட சோசலிசவாதி அவர். 1890 இல் இலங்கைக்கு வந்த கார்ப்பெண்டருக்குச் சைவ சித்தாந்த ஞானத்தை அறிமுகம் செய்து வைத்தவர் அருணாசலமே. ஒருவர் கிழக்கின் ஞானத்தைக் கொடுத்தார். மற்றவர் மேற்கின் சமூக நீதிச் சிந்தனையைக் கொடுத்தார். வாழ்நாள் முழுவதும் நீடித்த இந்நட்பு அருணாசலத்தின் பிற்காலப் பணிகளில் ஒரு முத்திரையைப் பதித்திருந்தது எனலாம். திருவாசகப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்த அதே கரமே தொழிலாளர் சட்டத்துக்கு எதிரான மகஜர்களையும் எழுதியது.

பல்கலைக்கழகம் வேண்டும் என்ற குரல்

அரச உத்தியோகத்தில் இருந்தபோதே அவர் தொடங்கிய பொதுப்பணி பல்கலைக்கழக இயக்கமாகும். 1906 ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டபோது அதன் தலைமையை அவர் ஏற்றார். அக்காலத்தில் இந்நாட்டு மாணவர்கள் இலண்டன் பரீட்சைகளுக்காகப் பாடங்களை மனனம் செய்தனர். வசதி படைத்தோரின் பிள்ளைகள் மட்டும் கப்பலேறினர். தமது நாட்டின் வரலாற்றையோ தாய்மொழி இலக்கியத்தையோ அறியாத ஒரு படித்த வகுப்பே இதனால் உருவாகி வந்தது. ஆங்கிலக் கல்வியின் உச்சத்தைத் தொட்டவரான அருணாசலமே இக்குறையைச் சுட்டிக்காட்டித் தாய்மொழிக் கல்விக்கும் கீழைத்தேயக் கல்விக்கும் இடமளிக்கும் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என வாதிட்டார்.

இக்கோரிக்கை உடனடியாக நிறைவேறவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து 1921 ஜனவரியில் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. முழுமையான பல்கலைக்கழகம் 1942 ஆம் ஆண்டிலேயே தோன்றியது. அதனைக் காண அவர் உயிரோடு இருக்கவில்லை. பேராதனையில் அவரது பெயரைத் தாங்கி நிற்கும் மாணவர் விடுதி அந்த முயற்சிக்கான நன்றிக்கடனாகும்.

சேரிகளை நோக்கி

1913 ஆம் ஆண்டு அவர் அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றார். சட்டநிரூபண சபையிலும் சட்டநிர்வாக சபையிலும் அங்கம் வகித்து, சேர் பட்டமும் பெற்று, வாழ்க்கையில் அடைய வேண்டிய அனைத்தையும் அடைந்துவிட்ட ஒரு மனிதருக்கு அப்போது வயது அறுபது. வீட்டில் அமர்ந்து தத்துவ நூல்களை மொழிபெயர்த்துக் கொண்டிருந்தாலும் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் அவரது பொதுவாழ்வின் முக்கிய அத்தியாயம் அதன் பின்னரே தொடங்கியது.

1915 ஆம் ஆண்டு ஜனவரியில் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை அவர் நிறுவினார். கொழும்பு நகரம் அக்காலத்தில் வேகமாக வளர்ந்து கொண்டிருந்தது. துறைமுகத்திலும் புகையிரதப் பகுதியிலும் பண்டகசாலைகளிலும் வேலை தேடி வந்த மக்கள் நெருக்கமான தோட்டங்களிலும் முடுக்குகளிலும் காற்றும் வெளிச்சமும் புகாத அறைகளில் குடியிருந்தனர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலையாளிகள் என எல்லா இனத்தவரும் அங்கு இருந்தனர். அவர்களுக்கு வைத்திய உதவி வழங்குதல், பிள்ளைகளுக்கும் தொழிலாளருக்கும் கல்வி புகட்டுதல், வீட்டு வசதியை மேம்படுத்துதல், கைத்தொழில்களை ஊக்குவித்தல் என்பன சங்கத்தின் பணிகளாக அமைந்தன. கட்டாயக் கல்விக்காகவும் குறைந்தபட்சச் சம்பளத்துக்காகவும் சங்கம் குரல் கொடுத்தது. தருமம் செய்வது வேறு, உரிமை கோருவது வேறு என்ற தெளிவு இச்சங்கத்தின் நடவடிக்கைகளில் காணப்பட்டது குறிப்பிடத்தக்கது.

சங்கம் தொடங்கி நான்கு மாதங்கள் கழிவதற்குள் 1915 மே மாத இறுதியில் கண்டியில் ஆரம்பித்த இனக்கலவரம் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. உயிர்களும் உடைமைகளும் அழிந்தன. இதனை அடக்குவதாகக் கூறி இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்த அரசாங்கம் சிங்கள மக்கள் மீது கொடுமையான அடக்குமுறையைக் கட்டவிழ்த்துவிட்டது. சிங்களத் தலைவர்கள் பலர் சிறையிலிடப்பட்டனர். அருணாசலத்தின் சகோதரர் சேர். பொன். இராமநாதன் சட்டநிரூபண சபையில் அவர்களுக்காக வாதாடியதுடன் இங்கிலாந்து வரை சென்றார். இது சிங்களவரிடையே பெரும் நன்றியுணர்வைத் தோற்றுவித்தது. அதேவேளை, பாதிக்கப்பட்ட முஸ்லிம்களின் துயரம் போதியளவு எடுத்துரைக்கப்படவில்லை என்ற மனவருத்தத்தையும் அது நீண்டகாலத்துக்கு விட்டுச் சென்றது. ஒரு சமூகத்துக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டிக்கும்போது இன்னொரு சமூகத்தின் காயத்தை மறந்துவிடலாகாது என்ற பாடத்தை நாம் அன்று முழுமையாகக் கற்றிருந்தோமா என்பது இன்றும் சிந்திக்கத்தக்கது.

சிறைக்கு அனுப்பிய சட்டம்

சமூக சேவைச் சங்கத்தின் அனுபவம் அருணாசலத்தைத் தொழிலாளர் பிரச்சினைக்கு இட்டுச் சென்றது. அக்காலத்தில் மலையகத் தோட்டங்களில் உழைத்த இந்தியத் தமிழரின் நிலை எத்தகையது என்பதை இங்கு சிறிது விளக்குவது அவசியம். 1921 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியத் தமிழர் வாழ்ந்தனர். நாட்டின் ஏற்றுமதி வருமானம் இவர்களது உழைப்பிலேயே பெரிதும் தங்கியிருந்தது.

1865 ஆம் ஆண்டின் தொழிற் சட்டத்தின் கீழ், முன்னறிவித்தல் கொடாமல் வேலையை விட்டுச் சென்ற தொழிலாளி குற்றவாளியாகக் கருதப்பட்டான். வேலையில் கவனக்குறைவு, கீழ்ப்படியாமை என்பனவும் குற்றங்களே. அவனை நீதிமன்றத்தில் நிறுத்தி சிறைக்கு அனுப்பத் தோட்டத் துரைக்கு வழி இருந்தது. இரு தரப்பினருக்கிடையிலான தொழில் ஒப்பந்தம் ஒன்று மீறப்பட்டால் அது குடியியல் வழக்காக இருக்க வேண்டியதே நியாயம். ஆனால் தோட்டத் தொழிலாளி விடயத்தில் மட்டும் அது குற்றவியல் வழக்காகியது.

இதனோடு பிணைந்திருந்தது துண்டு முறை. தமிழகக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த கங்காணி, வழிச்செலவு தொடக்கம் அரிசி, துணிமணி வரை அனைத்தையும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதினான். அக்கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குச் செல்ல முடியாது. கடன் தொகையைச் செலுத்துபவருக்குத் தொழிலாளியை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. அத்துண்டு இன்றி எந்தத் தோட்டத்திலும் அவனை ஏற்கமாட்டார்கள். ஒரு தோட்டம் மற்றொரு தோட்டத்துக்குக் கடனை மாற்றும்போது அக்கடனோடு மனிதரும் கைமாறினர். அடிமை முறை ஒழிக்கப்பட்டுவிட்டதாகப் பெருமை பேசிய பேரரசின் ஆட்சியில், தேயிலைச் செடிகளின் நடுவே நடந்தது இதுதான்.

1919 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அருணாசலத்தின் தலைமையில் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கம் உருவாக்கப்பட்டது. மலையகத்தில் பிறந்து கேம்பிரிட்ஜ் வரை சென்று கற்று வந்த பெரி. சுந்தரம் அதன் செயலாளராகப் பணியாற்றினார். தண்டனைப் பிரிவுகளை முற்றாக நீக்க வேண்டும் என்பதே சங்கத்தின் முதன்மைக் கோரிக்கையாக இருந்தது. அரசாங்கத்துக்கு மகஜர்கள் அனுப்பப்பட்டன. தோட்டத்துரைமார் சங்கத்தின் செல்வாக்கு எவ்வளவு பலமானது என்பதை அரச சேவையிலிருந்த அருணாசலம் நன்கு அறிவார். அதே சமயம் அரசாங்க இயந்திரம் எவ்வாறு இயங்குகின்றது, எந்தக் கதவை எப்போது தட்ட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தியாவிலும் வெளிநாடு செல்லும் தொழிலாளர் பற்றிய கவலை அப்போது வலுப்பெற்று வந்தது. இந்தியாவிலிருந்து தொழிலாளர் வருவது தடைப்படுமோ என்ற அச்சமும் இலங்கை அரசாங்கத்துக்கு ஏற்பட்டது.

இவ்வழுத்தங்களின் விளைவாக 1921 ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தங்கள் மூலம் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. வேலையை விட்டுச் சென்ற குற்றத்துக்காகத் தோட்டத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் ஏற்பாடும் முடிவுக்கு வந்தது. இதற்கு முழுக் காரணமும் ஒருவரே எனக் கூறுவது பொருத்தமற்றது. எனினும் இந்நாட்டில் அக்கோரிக்கைக்கு அமைப்பு ரீதியான வடிவம் கொடுத்தவர் அருணாசலமே என்பதை மறுக்க முடியாது.

அச்சங்கம் தொழிலாளரால் அமைக்கப்பட்ட தொழிற்சங்கமன்று. தொழிலாளர் மீது அனுதாபம் கொண்ட கற்றோரின் சங்கமே அது. தொழிலாளர் தாமே அணிதிரளும் காலம் அதன் பின்னரே வந்தது. 1922 இல் ஏ. ஈ. குணசிங்க கொழும்பில் இலங்கைத் தொழிற்சங்கத்தை ஆரம்பித்தார். தோட்டங்களுக்குள் சங்கத்தைக் கொண்டு செல்லும் கடினமான பணியை 1930களில் கோ. நடேசய்யர் முன்னெடுத்தார். ஆயினும் தொழிலாளியைச் சிறை அச்சுறுத்திக் கொண்டிருக்கும்வரை எந்தச் சங்கமும் தோட்டத்துக்குள் நுழைந்திருக்க முடியாது. அவ்வகையில் பின்வந்தோருக்கான பாதையின் முதல் முட்செடியை வெட்டியவர் அருணாசலம் எனலாம்.

காங்கிரஸும் கலைந்த நம்பிக்கையும்

சமூகச் சீர்திருத்தமும் அரசியல் சீர்திருத்தமும் அருணாசலத்தைப் பொறுத்தவரை இரு வேறு விடயங்களல்ல. மக்களுக்குப் பொறுப்புக் கூறாத ஆட்சியில் மக்களின் துயரம் தீராது என்பது அவரது நிலைப்பாடு. 1917 ஏப்ரல் 2 ஆம் திகதி கொழும்பில் அவர் நிகழ்த்திய உரையே இலங்கையில் அரசியல் சீர்திருத்த இயக்கத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. அதே ஆண்டில் இலங்கைச் சீர்திருத்தக் கழகம் அவரது தலைமையில் தோன்றியது.

1833 ஆம் ஆண்டு சட்டநிரூபண சபை உருவான காலம் முதல் உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர்கள் இன அடிப்படையில் தேசாதிபதியால் நியமிக்கப்பட்டு வந்தனர். முஸ்லிம்களுக்கும் கண்டியச் சிங்களவருக்கும் தனித்தனி ஆசனங்கள் 1889 ஆம் ஆண்டிலேயே கிடைத்தன. இம்முறையை மாற்றிப் பிரதேசவாரியான தேர்தலைக் கொண்டுவர வேண்டும் என்பதே சீர்திருத்தவாதிகளின் கோரிக்கை. இங்குதான் சிறுபான்மையினருக்கு ஓர் அச்சம் எழுந்தது. வடக்கு, கிழக்குக்கு வெளியே வாழும் தமிழரும் நாடெங்கும் சிதறி வாழும் முஸ்லிம்களும் பிரதேசவாரித் தேர்தலில் எவ்வாறு பிரதிநிதித்துவம் பெறுவர்? யாழ்ப்பாணச் சங்கம் இவ்வினாவை எழுப்பிக் காங்கிரஸில் சேரத் தயங்கியது.

தயங்கிய தமிழர்களை இணங்க வைத்தவர் அருணாசலம். 1918 டிசெம்பரில் சிங்களத் தலைவர்களான ஜேம்ஸ் பீரிஸும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் மேல் மாகாணத்தில் தமிழருக்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதை ஆதரிப்பதாக எழுத்து மூலம் உறுதியளித்தனர். அந்த உறுதிமொழியைத் தமது பெயரின் பிணையில் யாழ்ப்பாணத் தலைவர்களிடம் அவர் கொண்டு சென்றார். அவர்கள் நம்பியது கடிதத்தை மட்டுமன்று. அதனைக் கொண்டு வந்த மனிதரையுமே. 1919 டிசெம்பர் 11 ஆம் திகதி இலங்கைத் தேசிய காங்கிரஸ் உதயமானபோது சிங்களவரும் தமிழரும் ஒருமனதாக அவரைத் தலைவராக்கினர்.

அந்த ஒற்றுமை இரண்டாண்டு காலம்கூட நிலைக்கவில்லை. 1921 ஆம் ஆண்டு புதிய சட்டநிரூபண சபைக்கான தேர்தல் வந்தபோது மேல் மாகாணத் தமிழ் ஆசனம் தொடர்பான உறுதிமொழி நிறைவேற்றப்படவில்லை. கொழும்பு நகர ஆசனத்துக்கு அருணாசலம் செல்வார் என்ற எதிர்பார்ப்பும் பொய்த்தது. அது ஜேம்ஸ் பீரிஸுக்குச் சென்றது. அவர் காங்கிரஸைவிட்டு வெளியேறினார்.

ஆசனம் கிடைக்காத ஏமாற்றத்தாலேயே அவர் வெளியேறினார் எனக் கூறுவோர் உளர். தனிப்பட்ட மனவேதனை அவருக்கு இருந்திருக்கலாம். ஆனால் ஆசனம் ஒன்றை இழந்ததைவிடப் பெரிய இழப்பு அவருக்கு நேர்ந்திருந்தது. அவரது வார்த்தையை நம்பி வந்த மக்களின் முன்னிலையில் அந்த வார்த்தை செல்லாக்காசாக்கப்பட்டது. பெரும்பான்மையினரின் தலைவர்கள் தரும் வாக்குறுதியைச் சிறுபான்மையினருக்கு எடுத்துச் செல்லும் ஒவ்வொரு தலைவரும் எதிர்நோக்கும் ஆபத்து இதுவே. எழுதியவர்களுக்கு அது ஒரு கடிதம் மாத்திரமே. பிணை நின்றவருக்கோ அது வாழ்நாள் நாணயம். பின்வந்த நூறாண்டு காலத்தில் கைச்சாத்திடப்பட்டுக் கிழிக்கப்பட்ட ஒப்பந்தங்களின் வரிசையில் 1918 ஆம் ஆண்டின் அந்தக் கடிதமே முதலாவது எனக் கூறுவது மிகையாகாது.

1921 இல் தமிழர் மகாஜன சபை உருவானது. 1923 செப்டெம்பரில் இலங்கைத் தமிழ்க் கழகத்தை அருணாசலம் ஆரம்பித்தார். தமிழரின் மொழி, பண்பாடு, ஒற்றுமை என்பவற்றைப் பேணுவதே அதன் குறிக்கோள். அவரது மறைவின் பின்னர் 1924 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் மேல் மாகாணத் தமிழருக்கு ஓர் ஆசனமும் முஸ்லிம்களுக்கு மூன்று ஆசனங்களும் வழங்கப்பட்டன. ஆனால் அது பெரும்பான்மைத் தலைவர்களின் நல்லெண்ணத்தால் கிடைத்ததன்று. சமூகங்களைப் பிரித்து வைப்பதில் நாட்டம் கொண்டிருந்த தேசாதிபதி மானிங்கின் ஆட்சியில் கிடைத்தது. உடன்பாட்டின் மூலம் பெற்றிருக்க வேண்டியதை அந்நியரின் கையிலிருந்து பெற நேர்ந்ததே அந்த நிகழ்வின் துயரம்.

இறுதி யாத்திரை

தென்னிந்தியத் திருத்தலங்களைத் தரிசிக்கச் சென்றிருந்த வேளையில் மதுரை மாநகரில் அருணாசலம் காலமானார். அப்போது அவருக்கு வயது எழுபது. மீனாட்சியம்மையின் நகரில் அந்த முடிவு நேர்ந்தது ஒரு சைவ அடியாரின் வாழ்வுக்குப் பொருத்தமானதே. அவரது புதல்வர் சேர். அருணாசலம் மகாதேவா பின்னாளில் அரசாங்க சபையில் அமைச்சராகப் பணியாற்றினார்.

அருணாசலத்தை விமர்சனமின்றிப் போற்றுவதும் வரலாற்றுக்கு உகந்ததன்று. அவர் வழிநடத்திய காங்கிரஸ் ஆங்கிலம் கற்ற வசதி படைத்தோரின் சங்கமாகவே இருந்தது. சொத்தும் கல்வியும் உடையோருக்கே அக்காலத்தில் வாக்குரிமை இருந்தது. தோட்டத் தொழிலாளியோ கொழும்புத் துறைமுகத் தொழிலாளியோ காங்கிரஸின் மேடையில் அமரவில்லை. யாழ்ப்பாணச் சமூகத்தில் வேரோடியிருந்த சாதிக் கொடுமைக்கு எதிரான எழுச்சியும் அவருக்குப் பிந்திய இளைஞர் தலைமுறையிடமிருந்தே வந்தது. தமது வகுப்பின் எல்லைகளை அவர் முற்றாகக் கடந்துவிடவில்லை. ஆயினும் அவ்வெல்லையின் விளிம்புவரை சென்று அதற்கு அப்பால் நின்ற மக்களை நோக்கிக் கை நீட்டியவர்கள் அக்காலத் தலைவர்களிடையே வெகு சிலரே.

அவர் விதைத்தவை வீண்போகவில்லை. அவரது தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தின் செயலாளராக இருந்த பெரி. சுந்தரம், சர்வசன வாக்குரிமையின் கீழ் 1931 இல் அமைந்த முதலாவது அரசாங்க சபைக்கு அட்டனிலிருந்து சென்று தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். ஆனால் அதே மலையக மக்களின் குடியுரிமை 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பறிக்கப்பட்டது. அந்த அநீதி சட்டப்படி முற்றாக நீக்கப்பட 2003 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சிறைச் சட்டத்தை நீக்க முன்வந்த ஒரு யாழ்ப்பாணத் தமிழரின் பரந்த மனப்பான்மை, 1948 இல் தமிழ்த் தலைமைகள் அனைத்திடமும் இருந்திருக்குமாயின் வரலாறு சற்று வேறுவிதமாக அமைந்திருக்கக்கூடும்.

சேர். பொன். அருணாசலத்தின் வாழ்வு நமக்கு விட்டுச் சென்றுள்ள செய்திகள் இரண்டு. ஒன்று, தன் இனத்தின் ஆசனங்களை மட்டும் எண்ணிக் கொண்டிருக்கும் அரசியல், தன் இனத்திலேயே நலிந்து கிடப்போரைக் காணத் தவறிவிடும். மற்றையது, கொடுத்த வாக்கைக் காப்பாற்றாத ஒற்றுமை எத்தனை பெரிய மேடையில் பிரகடனம் செய்யப்பட்டாலும் நிலைக்காது. தமிழரும் முஸ்லிம்களும் மலையக மக்களும் சிங்கள மக்களும் இந்நாட்டில் சேர்ந்து வாழ்வதற்கான வழியைத் தேடும் இன்றைய தலைமுறையினர் இவ்விரண்டையும் மனதில் இருத்துவார்களாயின், காலிமுகத்தில் நிற்கும் அச்சிலைக்கு அதைவிடச் சிறந்த மலர்மாலை வேறில்லை.